ட்ரைவோல் மூடுமுன் ஃபோமை வெட்டிப் பாருங்கள்

வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பேஸ்மென்ட் ஈரம் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பிரே ஃபோம், அதாவது குளிரைத் தடுக்கச் சுவரில் அடிக்கும் நுரை, பற்றியவை. ஆகவே இம்முறை அது மட்டும். கீழே நான் ஃபோம் என்று சொல்வதெல்லாம், வேறுவிதமாகச் சொல்லாதவரை, இங்கே வேலைக்காரர் 'டூ பவுண்ட்' (கன அடிக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்ட் நிறை) என்று சொல்லும் கெட்டியான வகைதான். விரலால் அமத்தினால் பஞ்சுபோல அமுங்கும் 'ஹாஃப் பவுண்ட்' வகைக்குக் கணக்கு வேறு.

கேள்வி: ஐயா, பேஸ்மென்டைப் புதுப்பிக்கிறோம். அடுத்த கிழமை ஸ்பிரே ஃபோம் அடிக்க வருகிறார்கள். மூன்று அங்குலம், காலையில் தொடங்கினால் பத்து மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம் என்கிறார்கள். என் கணவரின் சிநேகிதருடைய கம்பெனி, அதனால் நிறையக் கேள்வி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. என்னைப்போல ஒன்றும் தெரியாதவர் வேலை சரியா பிழையா என்று எப்படிப் பார்ப்பது?
(ஸ்காபரோ வாசகி)

பதில்: கூச்சத்தை முதலில் விடுங்கள் தங்கச்சி. தெரிந்த ஆள் என்பதற்காக ஃபோம் ஒழுங்காக இறுகிவிடாது.

கண்ணாடி நார்ப் பஞ்சை வாங்கினால் அதைத் தொழிற்சாலையிலேயே தரம் பார்த்துப் பொதி கட்டி அனுப்பியிருப்பார்கள். ஸ்பிரே ஃபோம் அப்படி வருவதில்லை. இரண்டு ட்ரம்களில் இரண்டு திரவங்களாக வருகிறது, ஒன்று ஐசோசயனேட், மற்றது ரெசின். லொறியில் இருக்கும் இயந்திரம் இரண்டையும் சூடாக்கி, சம அளவில், பெரிய அழுத்தத்தில் தள்ள, அடிக்கும் துப்பாக்கியின், அதாவது கன்னின், வாயில் கலந்து சுவரில் பட்டுச் சில வினாடிகளில் பொங்கி இறுகுகிறது. அன்றைக்கு உங்கள் பேஸ்மென்ட்தான் தொழிற்சாலை, கன்னைப் பிடித்திருப்பவர்தான் தரத்துக்குப் பொறுப்பு. அதனால்தான் கனடாவில் பொருளுக்கு ஒரு தரநிலை, அதை அடிக்கும் முறைக்குத் தனியாக இன்னொரு தரநிலை என்று வைத்திருக்கிறார்கள். அடிக்கும் முறைக்கானது யூஎல்சி எஸ்705.2. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொன்ட்ராக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்டாலே அவர் உங்களோடு கதைக்கும் விதம் மாறிவிடும்.

அந்தத் தரநிலைப்படி அடிப்பவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும், படம் போட்ட அட்டை வைத்திருப்பார். கம்பெனி முதலாளியின் அட்டையை அல்ல, கன்னைப் பிடிக்கப்போகிறவரின் அட்டையைப் பாருங்கள். அப்புறம் அவர் ஒவ்வொரு நாளும் ஒரு பதிவுத் தாள் எழுத வேண்டும். ட்ரம்களின் லொட் எண், வெளி வெப்பநிலை, சுவரின் வெப்பநிலை, எத்தனை தடவையாக அடித்தார், அன்றைக்கு வெட்டிப் பார்த்த சோதனைகளின் முடிவு எல்லாம் அதில் வரும். அதன் பிரதி ஒன்று வேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் சிலர் லொறியில் இருந்தபடியே எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தந்துவிடுவார்கள், அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

சுவரைப் பற்றிச் சென்ற இதழிலேயே எழுதினேன், சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். ஈரச் சுவரில் ஃபோம் ஒட்டாது. ஐசோசயனேட் தண்ணீரோடும் சேர்ந்து வாயுவை விடும் சாமான், அதனால் ஈரம் பட்ட இடத்தில் கொப்புளம் கொப்புளமாக வரும். முதல் நாளே ஒரு துண்டு பொலிதீனைக் கொங்கிறீட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, காலையில் உரித்துப் பாருங்கள், உட்பக்கம் வியர்த்திருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். மரச் சட்டங்களின் ஈரப்பதம் 19 வீதத்துக்கு மேலே இருக்கக்கூடாது, அதைப் பார்க்கும் மீட்டர் அவர்களிடம் இருக்கும். சட்டங்களைக் கொங்கிறீட்டோடு ஒட்டி நிறுத்திவிட்டார்களா என்றும் பாருங்கள். ஒன்று இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டிருந்தால்தான் ஃபோம் சட்டத்துக்குப் பின்னாலும் போய் ஒரே படையாக மூடும்.

வேலை தொடங்கும்போது நல்ல வேலைக்காரர் முதலில் சுவரில் அடிக்க மாட்டார். ஒரு கார்ட்போர்ட்டிலோ பொலிதீனிலோ கொஞ்சம் அடித்துப் பார்த்து, அது எழும்பும் வேகம், நிறம், உள்ளே வெட்டினால் தெரியும் கண்ணறைகள் (சின்னச் சின்னக் குமிழ்கள்) எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் சுவருக்குப் போவார். ஃபோமின் சாயம் ரெசின் ட்ரம்மில்தான் இருக்கிறது, ஐசோசயனேட் தன்பாட்டுக்குக் கபில நிறம். ஆகவே ஊதாவோ பச்சையோ, எந்த நிறமானாலும் சுவர் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கடும் நிறமாக, இன்னோரிடத்தில் வெளிறிப்போய், அல்லது வரி வரியாக இருந்தால் இரண்டு திரவமும் சம அளவில் போகவில்லை என்றுதான் அர்த்தம். ஐசோசயனேட் கூடிப்போனால் ஃபோம் மொறமொறவென்று உதிரும். ரெசின் கூடிப்போனால் சவசவவென்று மெத்தையாக இருக்கும், மணமும் விடாது.

இனி அந்த மூன்று அங்குலம். இதைத்தான் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரே தடவையில் மூன்று அங்குலமா, இரண்டு தடவையாகவா? இந்த வகை ஃபோமைப் பொதுவாக ஒரு தடவைக்கு 2 அங்குலத்துக்கு, அதாவது 50 மில்லிமீட்டருக்கு மேல் அடிப்பதில்லை. சில புதிய வகைகளுக்குக் கூடுதலாக அனுமதி உண்டு, அது அந்தப் பொருளின் விவரத் தாளில் எழுதியிருக்கும், காட்டச் சொல்லுங்கள். இறுகும்போது உள்ளே கடும் சூடு பிறக்கிறது. தடிப்பாக அடித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுப்பகுதி கருகும், பிறகு ஆறும்போது சுருங்கும். முதல் படை ஆறிய பிறகே அடுத்த படை. பத்து மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம் என்கிறவர் ஆற விடப்போகிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடித்து முடிந்ததும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "நல்லாய் இருக்கிறதை ஏன் வெட்டுவான்" என்பார்கள். தரநிலையே வெட்டத்தான் சொல்கிறது. கையகலச் சதுரம் ஒன்றைச் சுவர்வரை கத்தியால் கீறி, நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். ஃபோமே பிய்ந்து, சுவரில் ஒரு படை மிஞ்சி நின்றால் பிடிப்பு நல்லது. சுவரில் ஒரு துணுக்கும் மிஞ்சாமல் சுத்தமாகக் கழன்று வந்தால் அது ஒட்டவே இல்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் உள்ள கோட்டில் பிரிந்து வந்தாலும் பிழைதான், தூசியிலோ ஈரத்திலோ இரண்டாம் படையை அடித்திருக்கிறார்கள். வெட்டிய முகத்தில் கண்ணறைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக, சீராக இருக்க வேண்டும். பாணை வெட்டினால் தெரிவதுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தால் விடாதீர்கள்.

அந்தத் துண்டை எறிந்துவிடாமல் நிறுத்துப் பாருங்கள். வெளித்தோலைச் சீவிவிட்டு 10 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 தடிப்பு என்று ஒரு கட்டி வெட்டினால் அது 500 மில்லிலீட்டர். கிராமில் வரும் நிறையை இரண்டால் பெருக்கினால் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு வந்துவிடும். 16 கிராம் என்றால் 32 கிலோ, நல்லது. 14 கிராம் என்றால் 28 கிலோ, எல்லைக்கோட்டில் நிற்கிறது. 11, 12 என்று வந்தால் கதைக்க வேண்டிய விஷயம். நடுவில் இரண்டு படை சேரும் கோடு இருந்தால் நிறையைத் துளி கூட்டிக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள். சதுரமாக வெட்ட வராவிட்டால், அளவுக் கோடு போட்ட ஜக்கில் தண்ணீர் விட்டு, துண்டை ஒரு ஊசியால் அமத்தி முழுக்க மூழ்கவைத்து, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 300 மில்லிலீட்டர் ஏறி, துண்டு 9.6 கிராம் என்றால் அதுவும் 32 கிலோதான். தசம புள்ளி காட்டும் தராசு வேண்டும், நகை நிறுக்கும் சின்னத் தராசு போதும். வேலைக்காரர் செய்யும் சோதனையும் இதேதான், அவர் தன் கணக்கைத் தாளில் எழுதுவார், நீங்கள் உங்கள் கணக்கோடு ஒப்பிடலாம். ஒப்பிட வேண்டிய இலக்கம் அந்தப் பொருளின் விவரத் தாளில் இருக்கிறது, நான் சொன்னதை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். வெட்டிய ஓட்டையை அவர்களே திரும்ப அடைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். அடிக்கும்போது நீங்கள் உள்ளே நிற்கக்கூடாது. ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் தாங்காது. வேலைக்காரரே வெளிக்காற்றுக் குழாய் பூட்டிய முகமூடியோடுதான் நிற்பார். தொடக்கத்தில் கார்ட்போர்ட்டில் அடித்ததை வெளியே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் மறுநாள். வீட்டில் எல்லோரும் 24 மணி நேரம் வெளியே தங்குவதுதான் வழமை, பிள்ளைகளோடு மேல்மாடியில் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: அண்ணை, ஃபோம் அடித்து ஒரு மாதமாகிறது. பகலில் ஒன்றும் இல்லை, பின்னேரம் ஹீற்றர் வேலைசெய்யத் தொடங்கினால் பழைய மீன் மணம்போல ஒன்று வருகிறது. கம்பெனியைக் கூப்பிட்டேன், யன்னலைத் திறந்து விடுங்கள், போய்விடும் என்கிறார்கள். போகுமா?
(மார்க்கம் வாசகர்)

பதில்: ஒரு மாதத்தில் போகாதது யன்னலைத் திறந்தால் போகும் என்று நான் நம்பவில்லை. ஒழுங்காகக் கலந்த ஃபோமின் மணம் சில நாட்களில் அடங்கிவிடும். மீன் மணம் தருவது ரெசினில் இருக்கும் அமைன் என்ற சாமான், சூடேறினால் அது கூடுதலாக வெளியேறும், உங்கள் ஹீற்றர் கதை அதோடு பொருந்துகிறது. எங்கோ ஓரிடத்தில் ரெசின் கூடி, இறுகாமல் கிடக்கிறது போலத் தெரிகிறது.

முழுவதும் பழுதாக இருக்கத் தேவையில்லை. ஒரு ட்ரம் முடியும் தறுவாயில் அடித்த பகுதியோ, குளிரில் இயந்திரம் சூடாகுமுன் தொடங்கிய முதல் சுவரோ மட்டும் பிழையாகியிருக்கலாம். சுவருக்குச் சுவர் ஒரு சின்னத் துண்டை வெட்டி, தனித்தனியாகக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, எந்தச் சுவர் என்று எழுதி, வெயில் படும் யன்னலோரம் ஒரு நாள் வையுங்கள். பிறகு திறந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாமல், எட்ட வைத்து மணந்து பாருங்கள். எந்தப் போத்தல் என்று தெரிந்துவிடும். ஆய்வுகூட முடிவுக்கு இது ஈடாகாது, ஆனால் கம்பெனிக்காரர் வரும்போது எந்தச் சுவர் என்று கையைக் காட்ட உதவும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப அடிப்பதுதான் பரிகாரம். மேலே பெயின்ட் அடித்து மூடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இறுகாத ஃபோம் பெயின்ட்டுக்குப் பின்னால் இருந்தாலும் இறுகாததுதான்.

இடையில் வீட்டில் யாருக்காவது கண் எரிச்சல், இருமல், மூச்சு இழுப்பு இருந்தால் அவரை அங்கே படுக்க விடாமல் டொக்டரிடம் காட்டுங்கள், ஃபோம் அடித்த விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கராஜுக்கு மேலே உள்ள அறையின் கீழ்ப்பக்கம் ஃபோம் அடித்தோம். இப்போது மரச் சட்டத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு சதக் குற்றி போகும் அளவு இடைவெளி நீளமாக ஓடுகிறது. ஒரு துண்டை வெட்டினேன், உள்ளே கபில நிறம். அடித்தவர் கோக்கிங் (இடுக்கை மூடும் பசை) அடித்து அடைத்துத் தருகிறேன் என்கிறார். விடலாமா?
(பிரம்ப்டன் வாசகர்)

பதில்: விடாதீர்கள். கபில நிறம் என்றால் உள்ளே கருகியிருக்கிறது, ஒரே தடவையில் அளவுக்கு மீறி அடித்திருக்கிறார். பிறகு ஆறிச் சுருங்கும்போது சட்டத்தை விட்டு விலகிவிட்டது. கராஜ் மேல்தளத்துக்குத் தடிப்புக் கூட வேண்டும் என்பதால் அங்கேதான் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது, மூன்று தடவையில் அடிக்க வேண்டியதை ஒன்றில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார்கள். ஜனவரி மாதத்தில் அறையின் சூடான, ஈரமான காற்று அந்த இடைவெளி வழியாகக் குளிர்ந்த பக்கத்துக்குப் போய்த் தண்ணீராகும், மரம் உக்கும். கராஜிலிருந்து கார்ப் புகையும் அதே வழியால் மேலே வரும், அது இன்னும் மோசம்.

கோக்கிங் கண்ணுக்குத் தெரியும் வாயை மட்டும் மூடும். ஆழத்தில் ஃபோம் மேற்பலகையிலும் ஒட்டியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் ஒரு சதுரம் வெட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடிப்பு இருந்து, உள்ளே நிறமும் ஒழுங்காக இருந்தால் ஓரங்களை வெட்டி எடுத்துத் திரும்ப ஃபோம் அடிக்கலாம். கழன்று வருவதும் கருகியதும் முழுதாக வெளியே வர வேண்டும். செலவு அவருடையது. காசு முழுக்கக் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. மிச்சம் இருந்தால் இது முடியும்வரை கொடுக்க வேண்டாம். கைக்காசுக்கு, பில் இல்லாமல் செய்திருந்தால் உங்கள் பிடி தளர்ந்துதான் இருக்கும், இருந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

புதிதாக அடித்த தடித்த ஃபோமை வெட்டினால் அந்தக் கழிவைப் பையில் கட்டிக் கராஜுக்குள் விட்டுவிட்டுப் போக விடாதீர்கள். உள்ளே சூடு கிடந்து தானாகப் பற்றிய சம்பவங்கள் உண்டு. வெளியே பரத்தி ஆறவிட்டுத்தான் அள்ள வேண்டும்.

கேள்வி: மூன்று அங்குலத்துக்குக் காசு கொடுத்தேன். சில இடங்களில் பார்த்தால் இரண்டுதான் இருக்கும்போல. எப்படி அளப்பது?
(ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: மெல்லிய கம்பி ஒன்றில் மூன்று அங்குலத்தில் டேப் சுற்றிக் குத்திப் பாருங்கள், சுவரில் முட்டும்போது டேப் ஃபோமைத் தொட வேண்டும். வயர், குழாய் போகும் இடத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேரே உள்ள உயரத்தில் எல்லோரும் ஒழுங்காக அடிப்பார்கள். பார்க்க வேண்டியது குனிந்து அடிக்க வேண்டிய நிலத்தோரம், ஏணி வைக்க வேண்டிய மேலோரம், மூலைகள், ஃபர்னேஸ் குழாய்க்குப் பின்னால், அப்புறம் வெளிச் சுவரும் மேல்தள மரமும் சேரும் அந்த ரிம் ஜொய்ஸ்ட் பெட்டிகள். ஃபோமின் முகம் அலை அலையாகத்தான் இருக்கும், கால் அங்குலத்துக்கெல்லாம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் பரவலாக இரண்டுதான் என்றால் கணக்கு எளிது. இவர்கள் விலை போடுவது 'போர்ட் ஃபுட்' கணக்கில், ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குலத் தடிப்பு ஒரு போர்ட் ஃபுட். 600 சதுர அடிக்கு மூன்று அங்குலம் என்றால் 1,800. இரண்டுதான் அடித்திருந்தால் 1,200. மிச்ச 600 எங்கே என்று கேட்கலாம். சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனை ஆர் என்ற இலக்கத்தால் சொல்வார்கள், அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6 என்று வைத்தால் ஆர்-18 சுவர் ஆர்-12 ஆகிவிட்டது, பெர்மிட் எடுத்த வேலை என்றால் வரைபடத்தில் எழுதியதற்கும் அது குறைவாக இருக்கக்கூடும். மேலே இன்னொரு படை அடித்தால் சரியாகிவிடும், உடைத்து எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து பாஸ் பண்ணிவிட்டார். பிறகும் நாங்கள் ஏன் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்?
(ஸ்காபரோ வாசகர்)

பதில்: அவர் வருவது கட்டட விதி பார்க்க. தடிப்பு, மூட வேண்டிய இடம் மூடியிருக்கிறதா, தாள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார், தராசு கொண்டுவர மாட்டார். அவர் வந்து போனதற்கும் சுவரை மூடும் ட்ரைவோல் பலகை ஏறுவதற்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் உங்களுக்கு. ட்ரைவோல் ஏற்றாமலும் விடக்கூடாது, ஃபோம் தீப்பிடித்தால் கடும் புகை கக்கும், ஸ்டோர் அறைதானே என்று வெறுமனே விடுவது விதிக்கும் விரோதம்.

கேள்வி: 1978ல் கட்டிய வீடு ஒன்று பார்த்தோம். விற்பனைப் பத்திரத்தில் யூஃபி ஃபோம் பற்றி ஒரு வரி இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஃபோம்தானா அது?
(விற்பி வாசகி)

பதில்: இல்லை அக்கா, அது யூரியா ஃபோர்மல்டிஹைட் ஃபோம். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறிய காலத்தில் பழைய வீடுகளின் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே அடித்தார்கள், 1980 டிசம்பரில் கனடா தடை செய்தது. அப்போது அடித்ததென்றால் அதன் வாயு எப்போதோ வெளியேறி முடிந்திருக்கும். இப்போது பார்க்க வேண்டியது அந்தச் சுவருக்குள் ஈரம் போயிருக்கிறதா என்பதைத்தான், நனைந்தால் அது உக்கிப்போகும். வீடு பார்க்கும் இன்ஸ்பெக்டரிடம் ஈர மீட்டரோடு வரச் சொல்லுங்கள், வெளிச் சுவரில் யன்னல்களுக்குக் கீழே உள்ள பகுதியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.